பிரித்துத் தைத்தல்: பழந்துணி புது உடையாகும் வழிகள்

ஒரு பழைய உடையிலிருந்து இன்னோர் உடை தைக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் அது முதல்முறை வெட்டப்பட்ட விதமே முடிவு செய்துவிடுகிறது. சேலை, வேட்டி, துண்டு ஆகியவை தறியிலிருந்து இறங்கிய வடிவத்திலேயே உடுத்தப்படுபவை. எத்தனை ஆண்டு உடுத்தினாலும் அவை முழுத் துணியாகவே இருக்கின்றன. சட்டை, பேன்ட், சுடிதார் ஆகியவை ஒருவரது உடலளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டவை. பிரித்துப் பார்த்தால் கழுத்தும் கைக்குழியும் வளைந்த துண்டுகள்தான் மிஞ்சும். அவற்றிலிருந்து முன்பிருந்ததைவிடச் சிறிய உடையே வரும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போன்ற பின்னல் துணிகளின் நிலை இன்னும் கடினம். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்த பக்கம் நீளும், சாதாரணத் தையல் அந்த நீட்சியைத் தாங்காமல் அறுந்துபோகும். பழைய துணியில் புது உடை தைப்பவர் எல்லாருமே இந்த மூன்று நிலைகளில் ஒன்றிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

இந்த வேலைக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேலையைக் குறிப்பது. இடுப்பைப் பிடிப்பதும், நீளத்தைக் குறைப்பதும், கையை இறக்குவதும் ஆல்ட்ரேஷன். கிழிந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைப்பது ஒட்டுப்போடுதல். அறுந்த இழைகளுக்குப் பதில் அதே நிற நூலை ஊசியால் ஊடும் பாவுமாகக் கோத்து, கிழிந்த தடமே தெரியாமல் செய்வது ரஃபூ. உத்தரப்பிரதேசத்தின் நஜீபாபாத் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றவர்கள். காஷ்மீர் சால்வைகளின் ஆயுளை நீட்டித்தது இவர்களுடைய ஊசி. இவை மூன்றிலும் உடை அதே உடையாகத்தான் இருக்கிறது. தையலை முழுவதும் அவிழ்த்தோ, சேலையை அளந்து வெட்டியோ வேறோர் உடையாக ஆக்குவதுதான் பிரித்துத் தைத்தல். ஆங்கில நாகரிக இதழ்கள் இன்று கொண்டாடும் ‘அப்சைக்ளிங்’ என்ற சொல்லும் இதைத்தான் சுட்டுகிறது. ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1994-இல் அளித்த நேர்காணல் ஒன்றின் வழியே அச்சொல் புழக்கத்துக்கு வந்தது. அவர் அப்போது பேசியது கட்டடக் கழிவுகளைப் பற்றி. துணிக்கு அந்தச் சொல் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. செயலோ நெசவளவுக்குப் பழையது.

துணியின் விலையும் தைக்கும் கூலியும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்பவை. துணி அரிதாகவும் உழைப்பு மலிவாகவும் இருந்த காலங்களில் பிரித்துத் தைப்பது பிழைப்பின் ஒரு பகுதி. யாரும் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. துணி மலிந்து கூலி உயர்ந்த பிறகு அதே வேலை விருப்பமாகவும், சிலரிடம் அழகுணர்வாகவும் மாறியது. இந்தத் திருப்பம் எல்லா நாடுகளிலும் ஒரே காலத்தில் நிகழவில்லை. எங்கெல்லாம் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பார்ப்பதே இத்துறையின் வரலாற்றைப் பார்ப்பது.

பிரித்துத் தைப்பதற்கென்றே உடையை வடிவமைத்தவர்கள் என்று ஜப்பானியரைத் தயங்காமல் சொல்லலாம். கிமோனோவுக்கான துணி ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருளாக நெய்யப்படும். அதை நேர்கோடுகளாக மட்டுமே வெட்டுவார்கள்: உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் சேர்ப்பதற்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு இரண்டு. வளைவு எங்கும் இல்லை; தோள்பட்டையில் அதிகமாக இருக்கும் துணியைக்கூட வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைப்பார்கள். நல்ல கிமோனோவைத் துவைக்க வேண்டுமானால் தையலை அவிழ்த்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாகக் கோத்து, அலசி, கஞ்சி போட்டு, விறைப்பாக நீட்டிக் காயவைத்து, பிறகு திரும்பத் தைப்பது வழக்கம். ஒவ்வொரு பெரிய துவைப்பும் மறுதையலுக்கு ஒரு வாய்ப்பு. தேய்ந்த விளிம்பு உள்ளே போகும், வெயில் படாத பகுதி வெளியே வரும், தாயின் உடை மகளின் அளவுக்கு மாறும். வெட்டும்போதே அடுத்த வெட்டை நினைத்துக்கொண்ட தையல் அது.

அதே நாட்டின் வடபகுதியில் கதை வேறு. அவோமோரிப் பகுதியின் குளிரில் பருத்தி விளையாது. உழவர்கள் சணல் வகை நாரில் நெய்த முரட்டுத் துணியை உடுத்தினார்கள். தெற்கிலிருந்து சரக்குக் கப்பல்களில் வந்த பழைய பருத்தித் துணிகள் அவர்களுக்குப் பெரும் செல்வம். கந்தலின் மேல் கந்தல் வைத்து, சஷிக்கோ எனப்படும் நெருக்கமான ஓட்டுத் தையலால் இறுக்கி, தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்த அந்த உடைகளும் படுக்கைகளும் ‘போரோ’ எனப்படுகின்றன. பல அடுக்குத் துணி குளிரைத் தடுக்கும். நெருக்கமான தையல் அடுக்குகளை நகரவிடாமல் பிடிக்கும். வறுமையின் அடையாளமென்று வெட்கப்பட்டு எரிக்கப்பட்டு வந்த இவற்றை சுஸபுரோ தனாக்கா என்ற ஆய்வாளர் வீடு வீடாகச் சென்று சேகரித்தார். இன்று அதே நீல ஒட்டுகளைப் பார்த்து விலையுயர்ந்த புது உடைகளில் ஒட்டுப்போடுகிறார்கள். மூலத்தில் அந்த ஒட்டு எதற்காகப் போடப்பட்டது என்பதை மறக்காமல் பார்ப்பதே அதைப் போட்ட பெண்களுக்குச் செய்யும் மரியாதை.

வங்கத்தின் காந்தா விரிப்பும் போரோவின் உறவுதான். கிழிந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவியெடுத்த வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போடுவார்கள். நூலுக்குக்கூடக் காசு செலவில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் ‘கவந்தி’ப் போர்வை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைக்கப்படுகிறது, நான்கு மூலையிலும் மடித்த துணியால் ஒரு சின்னப் பூவை வைக்காமல் அதை முடிப்பதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை சென்றன. பௌத்தத் துறவியரின் சீவர ஆடையும் ஒட்டுத் துணியே. எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் தைத்து உடுத்துவது பழைய முறை. மகத நாட்டு வயல்கள் வரப்புகளோடு கிடப்பதைக் காட்டி, அதேபோல் சீவரத்தை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் குறிக்கிறது. தானமாகப் புதுத் துணி வந்தாலும் அதைத் துண்டுகளாக வெட்டித்தான் தைக்க வேண்டும். வெட்டிய துணிக்குச் சந்தையில் விலை குறைவு என்பதும் அதற்கொரு காரணம்.

தமிழ் வீடுகளில் பழைய பருத்திச் சேலைக்குப் புதுச் சேலைக்கு இல்லாத சில உரிமைகள் உண்டு. பிறந்த குழந்தையை முதலில் பழைய சேலையிலோ வேட்டியிலோதான் சுற்றுகிறார்கள். புதுத் துணியின் கஞ்சியும் விறைப்பும் பல நூறு துவையலில் போய், இழை தளர்ந்து மென்மையான துணி அது. தூளி கட்டவும் அதுவே. பிறகு தாவணி, குழந்தையின் பாவாடை, தலையணை உறை, தைத்த மெத்தை விரிப்பு என்று ஒரு சேலையின் பயணம் நீள்கிறது. ஆனால் இந்தப் பயணம் உறவுக்குள்ளேயே நடப்பது. அம்மாவின் சேலை, பாட்டியின் சேலை, அக்காவின் பாவாடை ஆகியவற்றைப் பெருமையோடு உடுத்தும் வீட்டில், முகம் தெரியாதவர் உடுத்திய துணியை வாங்கி உடுத்தும் வழக்கம் இல்லை. தீட்டு பற்றிய எண்ணமும், பிறர் உடுத்தியதை உடுத்துவது தாழ்வு என்ற சாதி சார்ந்த நினைவும் இதன் பின்னால் உள்ளன. வீட்டைவிட்டு வெளியேறும் பழந்துணி ஒன்று தானமாகப் போகிறது, அல்லது தெருவில் கூவி வரும் வியாபாரியிடம் பாத்திரத்துக்கு மாறுகிறது. மேற்கு நாடுகளில் உள்ளது போன்ற பழைய உடைக் கடைகள் தமிழகத்தில் வேரூன்றாததற்கும், பிரித்துத் தைத்தல் இங்கே குடும்பக் கலையாகவே நின்றுவிட்டதற்கும் இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம்.

மலிவுத் துணி நாகரிக உடையான வரலாற்றில் அமெரிக்கத் தீவன மூட்டைகளுக்குத் தனி இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் இயந்திரம் பரவி, மூட்டையின் வாயை உறுதியாகத் தைக்க முடிந்ததும், மரப் பீப்பாய்களில் போன மாவும் தீவனமும் பருத்திச் சாக்குகளில் போகத் தொடங்கின. பண்ணைப் பெண்கள் அச்சாக்குகளை வெளுத்து உள்ளாடையும் துவாலையும் தைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் அச்சு எளிதில் போகவில்லை. 1920-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்று கட்டம்போட்ட வண்ணத் துணியிலேயே மூட்டைகளைத் தைத்து விற்றது. பிறர் தொடர்ந்தார்கள். பூப்போட்ட மூட்டைகள், துவைத்தால் போய்விடும் மையில் அச்சிட்ட பெயர், ஒரே இழுப்பில் அவிழும் சங்கிலித் தையல் என்று மூட்டையே துணிக்கடையானது. நூறு பவுண்டு தீவன மூட்டை ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேல் துணி கிடைக்கும். ஒரு பெண்ணின் கவுனுக்கு மூன்று மூட்டை வேண்டும். மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். அதனால் கோழித் தீவனம் வாங்கப் போகும் கணவரிடம் துணி மாதிரியைக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டானது. பெருமந்த ஆண்டுகளிலும் போர்க்காலத்திலும் இந்த உடைகளே கிராமத்து நாகரிகம். போருக்குப் பின் காகிதப் பைகள் மலிந்ததும் அது மெல்ல மறைந்தது.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பிரித்துத் தைப்பதை அரசுக் கொள்கையாகவே நடத்தியது. 1941 ஜூன் 1-இல் உடைப் பங்கீடு தொடங்கியபோது ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். கம்பளிக் கவுன் ஒன்றுக்கே 11 கூப்பன் போய்விடும். பின்வந்த ஆண்டுகளில் கூப்பன் இன்னும் குறைந்தது. 1943-இல் வெளியான ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற அரசுக் கையேடு, ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்ட வீடுகளில் அவர்களது கோட்டும் பேன்டும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எப்படி உடையாகலாம் என்று படிப்படியாகச் சொல்லித்தந்தது. நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாட்டில் கிழித்து, நைந்த பகுதி ஓரமாகவும் நல்ல ஓரங்கள் நடுவாகவும் வரும்படி மாற்றித் தைப்பது பிரிட்டன் வீடுகளின் பழைய முறை. அதுவும் போர்க்காலத்தில் புத்துயிர் பெற்றது. பங்கீடு 1949 மார்ச் வரை நீடித்தது. இந்தியாவிலும் துணிப் பஞ்சம் கடுமையாகவே இருந்தது. 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சென்னை மாகாணத்திலும் துணிக்கு அளவும் அட்டையும் வந்தன. இங்கே கையேடு தேவைப்படவில்லை. கையேட்டில் எழுத வேண்டியதையெல்லாம் வீட்டுப் பெண்களும் ஊர்த் தையல்காரரும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.

இன்றைய செய்முறையில் முதல் வேலை துணியைச் சோதிப்பது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் வெளிறித் தெரியும். இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து மெதுவாக இழுத்தால், இழை விலகுகிறதா அறுகிறதா என்பது புலப்படும். விலகினால் உள்துணி கொடுத்துக் காப்பாற்றலாம். அறுந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். என்ன நார் என்பது தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும்; பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். இஸ்திரிச் சூட்டையும் ஊசியையும் இந்த விடையே முடிவு செய்யும். மெல்லிய பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. பின்னல் துணிக்கு முனை மழுங்கிய ஊசி.

பழைய துணிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போய்விட்டதால், தைத்த பின் அது அளவு மாறாது. சிக்கல் வருவது பழைய துணியோடு புது லைனிங்கைச் சேர்க்கும்போது. புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும். மேல் துணி சுருங்காது. விளைவாக உடை முழுக்கச் சுருக்கம் விழும். லைனிங் துணியை முந்தின இரவே நனைத்துக் காயவைக்கும் சின்னக் கவனம் அந்த உடையின் ஆயுளையே காக்கிறது. பிரிக்கும்போதும் அவசரம் ஆகாது. தையலைப் பிடித்து இழுத்தால் துணிதான் கிழியும். நான்கைந்து தையலுக்கு ஒன்றாகப் பிளேடு முனையால் அறுத்துவிட்டு, மறுபக்க நூலை உருவ வேண்டும். பிரித்த துண்டுகளை நனைத்து இஸ்திரி போட்டு, நேர்நூல் எது என்று சாக்குக்கட்டியால் அம்புக்குறி போட்டுக்கொண்ட பிறகே அளவெடுப்பு.

சேலையே இந்த வேலைக்குத் தலைசிறந்த மூலப்பொருள். ஐந்தரை மீட்டர் நீளம், ஏறத்தாழ 45 முதல் 48 அங்குல அகலம், வெட்டே இல்லாத துணி. இதில் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் குர்தி ஒன்றும் பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டையும் தாராளமாக வரும். ஆனால் சேலைக்கு இயல்பான ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: கரை நீளவாட்டில் ஓடுகிறது. பாவாடையின் கீழ்விளிம்பில் கரை வர வேண்டுமானால் துணியைக் குறுக்காகத் திருப்பித்தான் வைக்க வேண்டும். அப்போது பாவாடையின் உயரம் சேலையின் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். கொசுவமோ சுருக்கோ வைத்த பாவாடையில் கரை கோடு பிசகாமல் நிற்கும். குடை வெட்டில் கீழ்விளிம்பு வட்டமாக வளைவதால் நேரான கரை அங்கே பொருந்தவே பொருந்தாது. கலி எனப்படும் சரிவுத் துண்டுகளை வைத்துத் தைத்தாலும் ஒவ்வோர் இணைப்பிலும் கரை சிறிது முறியும். அனார்கலியில் கரை வேண்டுவோர் கரையைத் தனியே வெட்டியெடுத்துப் பட்டியாக வைத்துத் தைக்கிறார்கள். அது நல்ல தீர்வுதான். என்றாலும் உடம்போடு ஒன்றாக நெய்த கரைக்கும் ஒட்டித் தைத்த கரைக்கும் உள்ள வேறுபாடு, தைக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே தெரியும்.

முந்தானையை எங்கே வைப்பது என்பது அழகு பற்றிய கேள்வி. வேலைப்பாடு முழுவதையும் முன்பக்கத்தில் குவித்தால் உடை கனத்துத் தெரியும். முதுகுப்பகுதி, கைகள், துப்பட்டாவின் இரு முனைகள் ஆகிய இடங்களில் பிரித்து வைப்பவர்கள் பழைய சேலையை நன்றாக உணர்ந்தவர்கள். மாங்காய், மயில், யானை போன்ற உருவங்களுக்குத் தலைகீழ் உண்டு. துணியை மிச்சம்பிடிக்க ஒரு துண்டை மேலாகவும் மறு துண்டை கீழாகவும் வைத்து வெட்டினால் ஒரு தோளில் மயில் நிமிர்ந்தும் மறு தோளில் கவிழ்ந்தும் நிற்கும்.

பட்டுச் சேலை தனி அத்தியாயம். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே வெடித்துக் கிழியும். வியர்வை பட்ட இடமும் வெயில் பட்ட இடமும் உடலை விட முந்தி நையும். கனமான ஜரிகை முந்தானைக்கும் மெல்லிய உடலுக்கும் நடுவிலுள்ள இணைப்பும் பலவீனமான இடம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதனால்தான் கிழிந்த காஞ்சிப் பட்டையும் எடைபோட்டு வாங்கி, எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரம் நடக்கிறது. பாட்டியின் கல்யாணச் சேலையை எரிக்கக் கொடுக்க மனம் வராதவர்கள் அதன் நல்ல பகுதியைப் பேத்திக்குப் பாவாடையாகவும், கரையை ரவிக்கையின் கைக்கும் கழுத்துக்கும், இன்னும் சிறிய துண்டுகளைச் சுருக்குப் பைக்கும் எடுக்கிறார்கள். இப்படித் தைக்கும்போது மேல் துணி முழுமைக்கும் மெல்லிய பருத்தி உள்துணி கொடுத்து, இரண்டையும் ஒன்றாகவே பாவித்துத் தைப்பது கட்டாயம். இழுப்பை உள்துணி தாங்கும். பட்டு பார்வைக்கு மட்டும் நிற்கும். உடலோடு ஒட்டிய ரவிக்கையைவிடத் தளர்ந்த பாவாடையில் பழம்பட்டு நெடுநாள் உழைப்பதும் இதே காரணத்தால்.

ஆண்களின் சட்டையில் முதலில் தேய்வது காலரும் கைப்பட்டியும். அக்காலத் தையல்காரர்கள் காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக் கொடுப்பார்கள். சட்டை இன்னும் ஓராண்டு ஓடும். இன்று அதைக் கேட்பவர் குறைவு. அப்பாவின் சட்டையில் குழந்தைக்குக் கவுன் தைப்பவர்கள் முன்பட்டியையும் காஜாவையும் பட்டனையும் அப்படியே விட்டுவைத்து அதைக் கவுனின் முதுகுத் திறப்பாக்குகிறார்கள். தைப்பதில் மிகக் கடினமான பகுதி அங்கே ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டிருக்கிறது. சட்டையின் கீழ்மடிப்பையும் வெட்டாமல் கவுனின் கீழ்விளிம்பாகவே வைத்துக்கொள்ளலாம். முடிந்த வேலையைக் கலைக்காமல் புது அளவை அதற்குள் நுழைப்பதே இதில் திறமை. ஜீன்ஸ் பேன்டில் முழங்காலும் உட்காரும் இடமும் நைந்தாலும் பின்கால் துணி புதிதாகவே இருக்கும். கால்களைப் பிரித்து நடுவில் முக்கோணத் துண்டு வைத்தால் பாவாடையாகும். ஜீன்ஸின் இரட்டைத் தையல் மேடுகள் நான்கு அடுக்குக்கு மேல் போனால் வீட்டுத் தையல் இயந்திரத்தின் ஊசி முறியும்; அந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுவதே வழி. லுங்கியும் வேட்டியும் எளியவை. பைஜாமாவோ தளர்ந்த மேல்சட்டையோ எதுவானாலும் நேர்கோட்டு வெட்டில் முடிந்துவிடும்.

பழையது கிடைக்காவிட்டால் மலிவானது. துணிக்கடைகளில் தானின் கடைசியில் மிஞ்சும் கட் பீஸ், மீட்டர் கணக்கில் விலை குறைந்து கிடைப்பது. வெளிநாட்டுக் கொள்முதலுக்குத் தைத்து, சிறு குறையாலோ மிகுதியாலோ நின்றுபோன பனியன் உடைகள் திருப்பூர் காதர்பேட்டையில் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கப்படுகின்றன. அளவு பெரிதாக இருப்பதே அவற்றைத் தைக்கத் தெரிந்தவருக்குச் சாதகமாக்குகிறது. பெரிய டி-ஷர்ட் ஒன்றில் குழந்தைக்கு மேல்சட்டையும் அரைக்கால் சட்டையும் வரும். தைத்து மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் நிறம் பிரிக்கப்பட்டு, பஞ்சாக அவிழ்க்கப்பட்டு, மறுபடி நூலாகிறது. நீளம் குறைந்த அந்த நூல் பெரும்பாலும் போர்வைக்கும் மிதியடிக்கும் துடைக்கும் துணிக்குமே போகிறது. அரியானாவின் பானிப்பட்டில் கழிவுக் கம்பளி உடைகள் இப்படியே கந்தலாக்கப்பட்டுப் போர்வைகளாகின்றன. அந்தத் தொழில்நுட்பத்தின் வேர் 1813-இல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலை நூலாக்கிய முயற்சியில் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியை நாராக அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் நார் உடைந்து குறுகும். பிரித்துத் தைப்பதில் நாருக்கு எந்தச் சேதமும் இல்லை. உடைகளுக்கு உதவும் பொருளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே மறுபடி உடையாக மாறுகிறது என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை கணக்கிட்டது. ஆலையால் முடியாத அந்த வேலையை ஊசி செய்துகொண்டிருக்கிறது.

நாகரிக உலகில் இதற்கு மதிப்புத் தேடித்தந்தவர்களில் பெல்ஜியத்தின் மார்ட்டின் மார்ஜியேலா முக்கியமானவர். 1980-களின் இறுதியிலிருந்து பழைய உடைகளையும் எறிந்த பொருள்களையும் பிரித்து, தையல் தடங்களை மறைக்காமல் புது உடைகளாக அரங்கேற்றினார். ஒட்டு தெரிவதில் வெட்கமில்லை என்ற எண்ணம் அதன்பின் பரவியது. ஆனால் இன்று உலகிலேயே மிகப் பெரிய அளவில் பிரித்துத் தைப்பவர்கள் பாரிஸில் இல்லை. கானா நாட்டின் அக்ரா நகரில் உள்ள காந்தமாந்தோ சந்தைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பழைய உடைகள் மேற்கு நாடுகளிலிருந்து வந்து இறங்குவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அங்குள்ள தையல்காரர்கள் பெரிய சட்டைகளைச் சிறிதாக்கி, கறை பட்ட உடைகளுக்குச் சாயமேற்றி, பொருந்தாதவற்றை ஜோடி சேர்த்து விற்கிறார்கள். 2025 ஜனவரித் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்தபோது இயந்திரங்களையும் இழந்தவர்கள் அவர்கள். இந்தியாவில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு நகரத்துப் பழந்துணியைத் தரம் பிரித்துக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்கிறது. உடையாகத் தகாத பருத்தியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக்கித் தருவதும் அதன் பணி. அழகைப் பற்றிய பேச்சில் இந்த வேலை விடுபட்டுப்போவது வருத்தத்துக்குரியது.

இத்துறையின் நெருக்கடி கூலியில் இருக்கிறது. பழைய சேலையைக் குர்தியாக்கக் கேட்டால், பல ஊர்களில் தையல் கூலியே ஒரு ரெடிமேட் குர்தியின் விலையைத் தொட்டுவிடுகிறது. தையல்காரரைக் குறை சொல்ல இடமில்லை. புதுத் துணியை வெட்டுவதைவிடப் பழையதை வெட்ட நேரம் கூடுதல். நைந்த இடத்தைத் தவிர்த்து, கரையைப் பொருத்தி, உள்துணி கொடுத்துத் தைப்பது அரைநாள் வேலை. ரெடிமேட் குர்தி மலிவாக இருப்பதற்கு வேறெங்கோ ஒருவரின் கூலி குறைக்கப்பட்டிருக்கிறது. 2013 ஏப்ரல் 24-இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தது அந்த மலிவின் முகத்தைக் காட்டியது. ஆகவே பிரித்துத் தைத்தல் இன்று மூன்று இடங்களில் உயிரோடு இருக்கிறது: தானே தைத்துக்கொள்பவர் வீட்டில், விலையைப் பொருட்படுத்தாத வாடிக்கையாளரின் வடிவமைப்புக் கூடத்தில், நினைவுக்காகத் தைத்துக்கொள்ளும் குடும்பங்களில். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் போன்றவற்றால் இயந்திரம் வீடுகளுக்குப் போயிருப்பதால், முதல் வகைக்கு இங்கே இடம் குறையவில்லை.

தையலின் உள்பக்கத்தைப் பார்த்தாலும் மலிவு உடை கொண்டுவந்த மாற்றம் தெரியும். ஊர்த் தையல்காரர் ரவிக்கை தைக்கும்போது இருபுறமும் ஓர் அங்குலம், சிலர் ஒன்றரை அங்குலம், உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரி தையல் ஓட்டுவார். உடம்பு கூடினால் ஒரு வரியைப் பிரித்துவிட்டால் போதும். மகளுக்கு வேண்டுமானால் உள்வரியில் பிடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலை உடையில் உள்ளே விடுவது ஒரு சென்டிமீட்டர் அளவே, அதையும் ஓவர்லாக் கத்தி சீவிவிடுகிறது. லட்சம் உடைகளில் அந்த அங்குலத்தை மிச்சம்பிடிப்பது ஆலைக்குப் பெரும் லாபம். அந்த உடையைப் பின்னாளில் பெரிதாக்கவோ வேறாக்கவோ முயல்பவருக்குக் கைவைக்க இடமிராது.

உடையாக இனி ஆகாது என்ற நிலையிலும் பருத்திக்கு வேலை மீதமிருக்கிறது. சின்னத் துண்டுகள் தலையணைக்குள் போகின்றன. நீளத் துண்டுகளைத் திரித்து மிதியடி பின்னுகிறார்கள். வெள்ளை வேட்டியின் கடைசிக் கிழிசல் விளக்குத் திரியாகிறது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் கரித்துணி எப்போதும் பழைய பருத்திதான். பாலியஸ்டர் சேலையோ குர்தியோ அந்த இடத்துக்கு வர முடியாது. சூடு பட்டதும் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.